பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு நாகர்கோவில் போன கதை

சென்ற பங்குனி மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை அப்படியே நாகர்கோவிலுக்கு நடத்திக்கொண்டு போனோம். பிள்ளைகளோடு போய் மனு கொடுக்க நினைக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கு உதவும் என்று, போன வழியையும் நேரத்தையும் செலவையும் எழுதுகிறேன். பேசச் சொன்னால் எனக்கு வராது. எழுதக் கொஞ்சம் வரும்.

மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை நடந்த வாரம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். அறுப்பு நாளில் எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த எல்லாரும் வயலில்தான் இருப்பார்கள். பெரியவர்கள் அறுக்க, பிள்ளைகள் உதிர்ந்த கதிர் பொறுக்கும். பள்ளிக்கூடத்தில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் உதவி கிடையாது, சித்திரையோடு மூட வேண்டியது என்று பின்னால் காகிதம் வந்தது. அடுத்த பள்ளிக்கூடம் மூன்று மைல் தள்ளி இருக்கிறது. எங்கள் ஊரில் நாலாம் வகுப்பு வரைதான். ஐந்தாம் வகுப்புக்கு அந்த மூன்று மைல் போக வேண்டியிருந்ததால்தான் என் படிப்பு நின்றது. ஒன்றாம் வகுப்பே அங்கே என்றால் எங்கள் பெண்பிள்ளைகள் யார் போவார்கள்?

பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தால் இன்ஸ்பெக்டர் நம்புவாரோ என்னவோ, கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாருமாக முடிவு செய்தார்கள்.

பள்ளிக்கூடத்தைத் திறந்து, பெருக்கி, பானையில் தண்ணீர் வைப்பது என் வேலை. முந்தின நாளே ஞானமுத்து வாத்தியார் என்னிடம் சொன்னார். "ஏட்டி எஸ்தரு, நீ சாவிய வச்சிக்கிட்டு இங்கனயே இரு. யாராவது வந்தா கதவத் திறக்க ஆளு வேணும்லா?"

தலையாட்டினேன். ஆனால் நாகர்கோவிலை நான் பார்த்ததே இல்லை. புறப்படும் நேரத்தில் ஒன்றாம் வகுப்பு நேசம், "எஸ்தரக்கா வந்தாத்தான் வருவேன்" என்று என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அது நல்ல சாக்கு. சாவியைத் தாவணியில் முடிந்துகொண்டு கூட்டத்தின் பின்னால் நடந்தேன். முன்னால் போன வாத்தியார் பார்க்கவில்லை.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பிள்ளைகள் இருபத்தாறு, பெரியவர்கள் பதினொன்று. சுசீந்திரம் மூன்றரை மைல், அங்கிருந்து நாகர்கோவில் மூன்று மைல். மோட்டார் பஸ்ஸுக்கு ஆளுக்கு இரண்டு சக்கரம் காசு, பிள்ளைகளுக்குப் பாதி. அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. தங்கம்மை சித்தி தன் வீட்டு மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிச் சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டாள். பங்குனி வெயில் எட்டு மணிக்கே சுடும். ஆகவே ஐந்துக்குப் பிந்த வேண்டாம்.

ஏழேகாலுக்குச் சுசீந்திரம் பாலத்தருகே இறங்கிப் பழையாற்றில் முகம் கழுவினோம். அவித்த மரச்சீனிக் கிழங்கும் தேங்காய்ச் சில்லும் சாப்பிட்டோம். நான் வாத்தியார் கண்ணில் படாமல் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். வண்டிக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார்.

"இவ்வளவு பேரும் எங்க போறிய? கல்யாண வீட்டுக்கா?"

"ஆமா, பள்ளிக்கூடத்துக்கு மாப்பிள்ள பாக்கப் போறோம்" என்றாள் சித்தி.

சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எங்களை விடுவார்களோ என்று வாத்தியாருக்குச் சந்தேகம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு தகராறு வேண்டாமென்று பெரிய சாலையோடு போனோம். கோபுரம் அங்கிருந்தே நன்றாகத் தெரியும்.

ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்டர் ஆபீஸை அடைந்தோம். நாகர்கோவிலில் நான் கண்டது அந்த ஆபீஸ் வாசலும் ஒரு வேப்பமரமும்தான். பியூன் எங்களை எண்ணிப் பார்த்தே களைத்துப்போனார்.

"ஐயா கேம்ப் போயிருக்காருவே. நேத்தே கொட்டாரத்துக்குப் போயாச்சு. அங்கேருந்து இன்னைக்கு ஒரு பள்ளிக்கூடம் பாக்கணும்" என்று புத்தகத்தைப் புரட்டி எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னார்.

வாத்தியார் மெல்லத் திரும்பினார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, நீ எப்பிடி இங்கன? சாவி எங்க?"

முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். திட்டியிருந்தால் தேவலை. மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினோம். தாவணி முடிச்சு நடக்க நடக்க இடுப்பில் இடித்தது. என்னால் பள்ளிக்கூடம் போயிற்று என்று சொல்லப்போகும் முகங்களை எண்ணிக்கொண்டே நடந்தேன். பதினொன்றேகாலுக்குப் பாலத்தை நெருங்கியபோது எதிரே ஒரு வில்வண்டி வந்தது. உள்ளே இன்ஸ்பெக்டர்.

வாத்தியார் ஓடிப் போய்க் கும்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவர் இறங்கவில்லை.

"பூட்டின பள்ளிக்கூடத்து வாசல்ல ஒரு மணி நேரம் நின்னுட்டு வர்றேன். இப்ப ரோட்டுல பிள்ளைகளைக் காட்டுறீரா? எந்தெந்த ஊர்ல சேர்த்தீர்?"

"எல்லாம் நம்ம பிள்ளையதான் ஐயா. இதோ ரிஜிஸ்டர்."

"பேர் எழுத மை இருந்தாப் போதும்."

அவர் வண்டிக்கு வெளியே தலையை நீட்டி, வைக்கோலில் உட்கார்ந்திருந்த நேசத்தைப் பார்த்தார். "உங்க பள்ளிக்கூடத்துக் கடிகாரத்துல இப்ப மணி என்ன, சொல்லு."

"நாலேகாலு" என்றாள் நேசம்.

சித்தி தலையில் கை வைத்தாள். "ஏட்டி! உச்சி வெயில்ல நாலேகாலா? கெடுத்தியே மக்கா!"

"இல்ல சித்தி, எப்பவும் நாலேகாலுதான்!" என்று இரண்டு வண்டி மாடுகளும் மிரளும்படி இருபத்தாறு பேரும் கத்தினார்கள். நேசம் எழுந்து நின்றாள். "நாங்க எப்ப வந்தாலும் பள்ளிக்கூடம் விடுத நேரந்தான்."

இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. காலையில் பூட்டிய பள்ளிக்கூடத்தின் ஜன்னல் வழியாக, நின்றுபோன அந்தக் கடிகாரத்தைப் பார்த்து, அது ஓடுகிறது என்று எண்ணித் தன் கடிகாரத்தையே இரண்டு தரம் காதில் வைத்துப் பார்த்தாராம். பிறகு இறங்கிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ரிஜிஸ்டரை வாங்கித் தாமே பேர் வாசித்தார். இருபத்தாறு பேரும் "உள்ளேன் ஐயா" என்றார்கள். மனுவின் பின்பக்கத்தில் ஏதோ எழுதினார்.

"சாவி யார்கிட்ட இருந்தது?"

"எங்கிட்டதான் ஐயா, நான்தான் மறந்து..." என்று வாத்தியார் தொடங்கினார். எனக்கு அது பொறுக்கவில்லை. முன்னால் போய்ச் சாவியை நீட்டினேன்.

அவர் சாவியையும் என்னையும் பார்த்தார். "நாளைக்குக் காலையில வருவேன். கதவு திறந்திருக்கணும்."

மறுநாள் ஆறரைக்கே திறந்து வைத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு வந்தார். இரண்டு வகுப்பில் கணக்குக் கேட்டார். மூட வேண்டாம், அறுப்பு வாரத்தில் விடுமுறை விட்டுக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம்தான் எனக்குச் சோறு இறங்கியது.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். முதலில் ஒரு அஞ்சல் அட்டை எழுதி, அதிகாரி ஆபீஸில் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் பாலத்தைத் தாண்டிய பிறகு நிழல் கிடையாது. பிள்ளைகள் தலைக்குத் துண்டு வேண்டும். எங்கள் மொத்தச் செலவு, வரும் வழியில் பிள்ளைகளுக்கு வாங்கிய நிலக்கடலை ஆறு சக்கரம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரில் இருக்கச் சொன்னவள் ஊரில் இருக்கட்டும்.

கடிகாரத்தைப் பழுது பார்க்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். கழற்ற ஏணி கொண்டுவந்த வாத்தியாரைப் பிள்ளைகள் விடவில்லை. அது இன்னும் நாலேகாலில்தான் நிற்கிறது. கதவு மட்டும் தினமும் ஆறரைக்குத் திறந்துவிடுகிறது.