உறை டம்ளர்

பரிபூரணம் அக்கா சாயங்காலம் பால் கறந்ததும் ஒரு டம்ளர் அளவு தனியே எடுத்துக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றுவாள். காலையில் டம்ளரைச் சாய்த்துப் பார்ப்பாள். தயிர் அசையாமல் நின்றால்தான் கேனைத் தூக்கிக்கொண்டு சோழபுரத்தில் பஸ் ஏறுவாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். கல்யாணமாகி வந்த நாள் முதல் இதைப் பார்த்திருக்கிறேன்.

பால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்குப் போனது. ஊசி போட்ட மாட்டின் பாலை அங்கே வாங்க மாட்டார்கள். ஊசி மருந்து கலந்த பால் உறையாது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். "இவளுக்கு டாக்டரு டம்ளருக்குள்ளதான் இருக்காரு" என்று எதிர்வீட்டு இசக்கியம்மாள் கேலி பண்ணுவாள். அக்கா சிரித்துவிட்டுப் போவாள். அவளுக்கு இருந்தது செவலை என்ற ஒரே மாடு. கடையில் ஓரத்து வாணலியில் தன் பால் திரள்வதை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள்.

செவலைக்கு மடி வீங்கும்போதெல்லாம் கால்நடை டாக்டர் ஜெபக்குமார் வருவார். ஐந்து நாளும் விடாமல் ஊசி போட வேண்டும் என்பார். இரண்டாம் நாளே வீக்கம் வற்றிவிடும். அத்தோடு அக்கா நிறுத்திவிடுவாள். பிறகு தயிர் உறைந்ததும் நோய் போயிற்றென்று கேனைக் கழுவுவாள். தெருவில் மற்றவர்களும் அப்படித்தான்.

போன மார்கழியில் வீக்கம் வற்றவில்லை. ஊசியை மாற்றியும் மடி கல்லாகவே கிடந்தது. டாக்டர் பாலைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் தொழுவத்தில் நின்றபடி, பாதியில் நிறுத்தி நிறுத்திப் போட்ட மருந்தெல்லாம் கிருமிக்குப் பழகிவிட்டது, இனிக் கேட்காது என்றார்.

"தயிர் உறைஞ்ச பொறவுதான கடைக்குக் கொண்டு போனேன்?" என்றாள் அக்கா.

"மருந்து போயிருச்சுன்னா தயிர் உறையும்க்கா. சீக்கு போயிருச்சான்னு தயிருக்குத் தெரியாது."

சேத்தூரில் இயற்கைப் பண்ணை ஒன்று இருக்கிறதாமே, செவலையை அங்கே விட்டால் சரியாகுமா என்று கேட்டாள். அங்கும் இந்த நோய் வரும் என்றார் அவர். தொழுவத்தை ஈரமில்லாமல் வைத்து, மடியைச் சுத்தமாகப் பார்த்துக்கொள்வதால் ஊசி குறைவாகத் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். பழகிப்போன கிருமி அங்கே போனாலும் இதே பாடுதான்.

செவலை பிழைத்துக்கொண்டது. ஆனால் மடியில் பால் வற்றிவிட்டது. மாட்டு வியாபாரி வந்து விலைக்குக் கேட்டபோது அக்கா கொடுக்கவில்லை. கறக்கிற நேரமானால் அதன் பக்கத்தில் போய்க் குந்துகிறாள். மடியில் கை வைத்துவிட்டு எழுந்து வருகிறாள்.

சென்ற வெள்ளிக்கிழமை நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குக் கிளம்பியபோது சுவரோரம் வந்தாள். "ஏட்டி, செத்த நேரம் கடைப் பக்கம் நின்னுட்டு வா. அந்த ஓரத்து வாணலியில இப்ப யாரு பால ஊத்துதாவன்னு பாரு."

நான் போய் நின்றேன். யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது. வாணலி கொதித்துக்கொண்டிருந்தது என்று மட்டும் வந்து சொன்னேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

செவலை இப்போது பால் கறப்பதில்லை. அக்கா தீனி போட்டு வைத்திருக்கிறாள். உறை ஊற்றும் டம்ளர் அலமாரியில் கவிழ்ந்திருக்கிறது.