பணிய லயமும் பாண் ஆட்டோவும்

எங்க தொழில் ஒரு மாதிரியான தொழிலுங்க: நாங்க சொன்னது நடக்கலேன்னா "சும்மா பயமுறுத்துறாங்க"ன்னு திட்டு, நடந்துட்டா "நீங்க வாய வச்சதாலதான்"னு திட்டு. மண்சரிவு, வெள்ளம், பூமியதிர்ச்சின்னு எது வந்தாலும் உசுரோட தப்பிக்கிறது எப்படின்னு தோட்டம் தோட்டமா போய் சொல்லிக் கொடுக்குறதுதான் என் வேலை. கூட்டம் கூட்டி, பிளேன்டீ ஊத்திக் கொடுத்து, டீ முடிஞ்சதும் சனம் கலைஞ்சு போறதப் பார்த்துக்கிட்டு நின்ன அனுபவம் உங்கள்ல யாருக்காவது இருந்தா, வாங்க, நாம ஒரே சாதி.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டத்துல, பணிய லயம்னு சொல்ற கீழ் வரிசைத் தொழிலாளர் வீடுகளுக்கு மேல இருக்கிற மலையில வெடிப்பு விழுந்திருந்துச்சு. மாத்து வீடு வரும், வரும்னாங்க. வர்ற வரைக்கும், பெரிய மழை பேஞ்சா அந்த லயத்து சனம் நேரத்தோட அடுத்த மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

விசில்

"விசில் சத்தம் கேட்டா பள்ளிக்கூடத்துக்கு ஓடணும்"னு கூட்டத்துல படிச்சுப் படிச்சு சொன்னேன். மறுநாள் ஒத்திகை. தோட்டத்துத் துரைகிட்ட கெஞ்சி அனுமதி வாங்கி, மூச்சுப் பிடிச்சு ஊதினேன். பள்ளிக்கூடத்துல ஒரு ஈ காக்கா இல்ல.

தேடிக்கிட்டு போனா, அவ்வளவு பேரும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துல வரிசையா நிக்கிறாங்க, முதுகுல கொழுந்தோட. அந்தத் தோட்டத்துல கொழுந்து நிறுக்கக் கூப்பிட முருகையா கங்காணி விசில்தான் ஊதுவாராம். மடுவம் இருக்கிறதோ வெடிப்புக்கு நேர் கீழ. மலை சரிஞ்சா முதல்ல விழுற இடத்துக்கு ஊரையே கூட்டிட்டேன். வந்த கோவத்துல விசிலைத் தேயிலைக்குள்ள வீசிட்டேன். வரிசையில முன்னுக்கு நின்ன செல்லம்மாக்கா பொறுமையா கேட்டாங்க: "தராசைக் காணோமே மிஸ், கையாலயா நிறுக்கப் போறீங்க?"

பை

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, டோர்ச் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வைங்கன்னு வீட்டுக்கு வீடு சொன்னேன். அடுத்த மாசம் பார்க்கப் போனா, லெட்சுமி வீட்டுல பையக் காணோம். "இருக்கு மிஸ்"னு கட்டிலுக்கு அடியில இருந்து இரும்புப் பெட்டிய இழுத்துக் காட்டுது. பெட்டியில இவ்வளவு பெரிய பூட்டு.

சரி, தொறன்னேன். தொறக்க முடியாதாம். புருசன் கொழும்புல கடையில வேலை. நான் தலையில கை வச்சு உக்காந்துட்டேன். லெட்சுமி எனக்கு ஆறுதல் சொல்லுது: "சாவி அவருகிட்டதான் இருக்கு மிஸ், நீங்க பயப்படாதீங்க, பை ரொம்ப பத்திரமா இருக்கு."

பாட்டு

இரண்டாவது ஒத்திகைக்கு ஒலிபெருக்கி கொண்டு போனேன். தொண்டை கிழியக் கத்தியும் யாரும் எட்டிப் பார்க்கல. அந்த நேரம் பார்த்து கினிகத்தேனையிலிருந்து பேக்கரிச் சாமான் விக்கிற ரிஸ்வி நானாவோட பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கிட்டு வளைவுல ஏறுது. அடேயப்பா! கைப்பிள்ளைக்காரி, காய்ச்சல்காரர், குளிச்சுக்கிட்டிருந்தவர்னு லயம் மொத்தமும் வாசலுக்கு வந்துருச்சு.

சண்டை பிடிக்கத்தான் போனேன். போற வழியிலயே புத்தி வந்துச்சு. "ஆபத்துன்னு நான் போன் பண்ணினா, நிறுத்தாம பாட்டுப் போட்டுக்கிட்டு வருவீங்களா நானா? நிக்காம அடிச்சா எல்லாரும் பையோட கிளம்பணும்னு நான் பழக்கி விடுறேன்." நானா தாடிய தடவிக்கிட்டு யோசிச்சார். "வாறேன் மிஸ், ஆனா சீனி பனிஸ் கேட்டு பிள்ளைங்க அழுதா அதுக்கு நீங்கதான் பொறுப்பு."

பெரட்டு

விடாம மழை பேஞ்ச ஒரு நாள் மத்தியானம் முருகையா கங்காணி போன் பண்ணினார்: வெடிப்பு அகலமாகுது. கிராம சேவகருக்கு சொல்லிட்டு நானாவைக் கூப்பிட்டேன். வியாபாரம் இல்லேன்னு ஆட்டோவ மூடிப் போட்டுட்டு வீட்டுல இருந்த மனுசன். ஒரு கேள்வி கேக்கல. நான் ஹட்டன்லருந்து போய் சேர்றதுக்குள்ள, அந்த மழைக்குள்ள பாட்டு கேக்குது. சனம் பையோட பள்ளிக்கூடத்து மேட்டுல ஏறிக்கிட்டு இருக்கு. லெட்சுமி பெட்டியையே தலையில வச்சிருக்கு. எனக்கு அந்த ஆட்டோவக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு.

செல்லம்மாக்கா மட்டும் சினைப் பசுவ விட்டுட்டு வரமாட்டேன்னு தொழுவத்துலயே நின்னுட்டாங்க. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அசையல. நானா வந்து பசுவப் பின்னால இருந்து தள்ள, நான் கயித்தப் பிடிச்சு இழுக்க, ஒரு வழியா ஏறினோம். பள்ளிக்கூடத்துப் படியில கால் வைக்கும்போது பின்னால ஒரு இரைச்சல். திரும்பிப் பார்த்தா, லயம் இருந்த இடத்துல மண்ணுதான் இருந்துச்சு. கங்காணி நனைஞ்ச துண்டைப் பிழிஞ்சு தோள்ல போட்டுக்கிட்டு, காலையில பெரட்டுல வேலைக்கு பேர் கூப்பிடுற மாதிரியே ஒவ்வொரு பேரா கூப்பிட்டார். ஒவ்வொருத்தரும் "இருக்கேன்"னு சொன்னாங்க. கடைசிப் பேரு முடிஞ்சதும் அவர் என் பக்கம் திரும்பினார். "ஒரு ஆளும் கொறையாத பெரட்டு, என் சர்வீசுலயே இதுதான் மிஸ்."

கூவல்

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துல தங்கியிருந்த சனத்துக்குப் பாண் விக்க நானா வழக்கம்போல பாட்டுப் போட்டுக்கிட்டு வந்தார். அவ்வளவுதான். பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு, பையத் தூக்கிக்கிட்டு அத்தனை பேரும் முற்றத்துக்கு ஓடி வந்துட்டாங்க. செல்லம்மாக்கா பசுவ அவுத்துட்டாங்க. நானா பதறிப்போய் பாட்டை நிறுத்தினார். அதோட அந்தப் பக்கம் அவர் பாட்டே போடுறதில்ல. வளைவுக்கு வளைவு ஆட்டோவ நிறுத்தி, "பாணேய்... பனிஸேய்"னு வாயாலயே கூவுறார். வியாபாரம் கெடுதே நானான்னு நான் கண் கலங்கினதுக்கு, அவர் சொன்னது இதுதான்: "பாண் விக்க எனக்கு வாய் இருக்கு மிஸ், அந்தப் பாட்டு இந்தச் சனத்துக்கு இருக்கட்டும்."

ஒரு லயத்துச் சனத்தக் காப்பாத்திட்டு, ஒரு நல்ல மனுசனோட தொண்டையக் கெடுத்த தொழிலுங்க இது.