பூஜ்யம் போட்டவன் நான்

நஸ்ரீன் தப்பு செய்யவில்லை. செய்தவன் நான். பழியை அவள் தலையில் போட்டவனும் நானே!

வேலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியன் நான். நஸ்ரீன் வாணியம்பாடிப் பெண். என்னிடம் ஆராய்ச்சி செய்தாள். வெளிநாட்டில் கட்டவிருக்கும் துகள் மோதுவிப்பான் ஒன்றின் வடிவமைப்பில் எங்களுக்கும் சிறு பங்கு கிடைத்திருந்தது.

அதில் பீம் எனப்படும் துகள் கற்றைகள் இரண்டு சற்றுக் கோணலாகச் சந்திக்கும். அவை முழுதாக மோத, கிராப் கேவிட்டி என்ற கருவி துகள் கூட்டத்தை நண்டு போலப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அந்தக் கருவியே லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தால்? பக்கவாட்டுத் தள்ளல் மேல்கீழாகவும் கசியும். பிணைப்பு என்போம் அதை. நாடா போல மெலிந்த கற்றை உப்பிவிடும், மோதல்கள் குறைந்துவிடும்.

சாய்வைக் கணக்கில் சேர்த்ததும் கணினியில் கற்றை உப்பியது. எனக்கு அவசரம். சாய்வுக்குப் பூஜ்யம் போட்டேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று... எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் பொய்! கற்றை அழகாக வந்தது.

"நெஜமான கேவிட்டி அவ்ளோ நேரா உக்காராது சார்," என்றாள் நஸ்ரீன். உன் வேலையைப் பார் என்றேன்.

பரிசீலனைக் கூட்டத்தில், சாய்வு எங்கே என்று கேட்டார்கள். திரையில் எத்தனை முகங்கள்! மாணவி விட்டுவிட்டாள் என்றேன். அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

மோதுவிப்பானைக் கட்டும் அந்த வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அவள் போகவிருந்தாள். வீட்டில் மன்றாடி வாங்கிய அனுமதி. அவர்கள் அழைப்பைத் திரும்பப் பெற்றார்கள்; வீட்டார் படித்தது போதும் என்றார்கள். இப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கிறாள். நானோ, சாய்வைச் சேர்த்து, கற்றை உப்பாமலிருக்க அவள் முன்பே சொல்லியிருந்த திருத்தத்தையும் சேர்த்துக் கட்டுரை வெளியிட்டேன். என் பெயர் மட்டும்! என்ன மனிதன் நான்?

போன மாதம் வேலூர் லாங் பஜாரில் எதிரே வந்தாள். திட்டியிருக்கலாம். நாலு பேர் பார்க்க அறைந்திருக்கலாம்.

"அந்தச் சாய்வ அப்புறம் போட்டீங்களா சார்?" என்றாள்.

போட்டேன் என்றேன்.

"பீம் தாங்குச்சா?"

தாங்கியது என்றேன். அவள் முகத்தில் சந்தோஷம்! அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் படாத கோபத்தையெல்லாம் என்மேல் நானே பட்டுக்கொண்டு திரிகிறேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். இது சுலபம், உங்களுக்கு நஸ்ரீனைத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கும் அவர்களோடு கூட்டம் இருக்கிறது... அதே முகங்கள். சாய்வைச் சரிசெய்தவர் என்று என்னைத்தான் பேச அழைப்பார்கள். பேசுவேன்.