தந்தியில் போகாத காசு

சந்தோசம் கொடுக்காமல் எதுவும் நகராது. கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான். சந்தோசம் என்றால் கைக்குள் வைத்து அழுத்துகிற காசு, இல்லாவிட்டால் ஒரு கோழி. கூரைத் தகரம் ஒழுகினால் கங்காணிக்குக் கோழி. காய்ச்சலுக்கு நல்ல மருந்து வேண்டுமென்றால் மருந்து கலக்குகிறவருக்குக் காசு. கொடுத்தால் அன்றைக்கே நடக்கும். கொடுக்காதவன் வீட்டில் அடுத்த மழைக்கும் ஒழுகும். இதை அவர் லஞ்சம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. மரியாதை என்பார். பணம் பாதாளம் வரைக்கும் பாயும் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நான் ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடையை மாட்டியவள். தோட்டப் பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது, எனக்கும் முடிந்தது. தங்கச்சி விடவில்லை. மழையிலும் பனியிலும் டவுனுக்கு நடந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தாள். பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாத எங்களுக்கு அரசாங்க வேலை கனவிலும் கிடையாது. யாழ்ப்பாணத்தில் மிஷன்காரர்கள் நடத்திய ஓர் ஆசிரியப் பயிற்சிப் பாடசாலை மட்டும் அந்தப் பத்திரத்தைக் கேட்கவில்லை. அவளுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். சேருவதற்கான பணம் செவ்வாய்க்கிழமைக்குள் கைக்கு வராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்றும் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் தோட்ட ஆபீசில் கிடந்து ஊறிவிட்டு, எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது வியாழக்கிழமை சாயங்காலம்.

மறுநாள் அவளுடைய டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னாராம். சாதாரண மணியோடர் மலையிறங்கி யாழ்ப்பாணம் போய்ச் சேர வாரக் கடைசியாகிவிடும். தந்தி மணியோடர் என்று ஒன்று இருக்கிறது. தந்தி அடித்து அங்கேயே காசைக் கொடுக்கச் சொல்லிவிடுவார்கள், அதற்கு மேல்காசு கட்ட வேண்டும். பாடசாலைப் பணத்துக்கு அம்மா சீட்டை எடுத்தாள். மேல்காசுக்கு என் தோட்டை அடகு வைத்தோம். காதில் ஈர்க்குக் குச்சியைச் செருகிக்கொண்டபோது எனக்குத் துக்கமே வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தி கூடை தூக்காமல் இருக்கப்போகிறாள் என்ற சந்தோஷம்தான்.

போஸ்ட் ஆபீசுக்குத் தானே போவதாகத் தங்கச்சி கேட்டாள். அவ்வளவு காசைப் பொம்பளைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்ப அப்பா சம்மதிக்கவில்லை.

"தந்தி மணியோடர்னு சொல்லுங்கப்பா. மேல்காசு ஆகும், அதையும் குடுத்துருங்க" என்று வாசல்வரை வந்து இரண்டு தரம் சொன்னாள்.

சனிக்கிழமை அப்பா வேலைக்குப் போகாமல், தலைப்பாகையும் கோட்டும் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனார். மத்தியானம் சிரித்த முகத்தோடு திரும்பினார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கதையைச் சொன்னார்.

"காசக் கட்டிட்டேன். மேல்காசத் தனியாக் கையில மடிச்சு வச்சுக்கிட்டு, கூட்டம் கொறையட்டும்னு நின்னேன். எல்லாரும் நிக்கிறப்ப நீட்டுனா அந்தய்யாவுக்கு மரியாதையா இருக்குமா? பொறகு பதனமாக் குடுத்து, ஐயா, நீங்க மனசு வச்சு வெரசாப் போக விடணும்ங்கன்னேன். சிரிச்சுக்கிட்டே வாங்கி மேச லாச்சியத் தொறந்து உள்ள போட்டாரு. தங்கமான மனுசன்."

தங்கச்சி ரசீதை வாங்கிப் பார்த்தாள். அதில் தந்தி என்ற பேச்சே இல்லை, மேல்காசும் ஏறவில்லை. அவள் முகம் செத்துப்போனது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "அப்பா, நீங்க..." என்று ஆரம்பித்தேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சரிங்கப்பா. போயிரும்" என்றாள்.

பிறகு பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, "அப்பாகிட்டச் சொல்லாதக்கா. தாங்க மாட்டாரு" என்றாள். அந்த ஐயாவைப் போய் நாலு கேள்வி கேட்கலாம் என்றேன். சனிக்கிழமைத் தபால் பை அப்போதே போயிருந்தது. போஸ்ட் ஆபீஸ் கதவும் சாத்தியிருந்தது. திங்கட்கிழமை புதிதாகத் தந்தியில் அனுப்பக் காசு தேடினோம். எடுக்க வேறு சீட்டில்லை, அடகு வைக்க வேறு தோடில்லை. சிரித்துக்கொண்டே வாங்கிய அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பாதாளம் வரைக்கும் பாய்கிற பணம், அவருடைய லாச்சியைத் தாண்டி ஓரடி பாயவில்லை.

கொஞ்ச நாளில் காசு திரும்பி வந்தது. இடம் நிறைந்துவிட்டது, பணம் பிந்திவிட்டது என்று கடிதமும் வந்தது. தங்கச்சி அதை வாசித்துக் காட்டினாள்.

"கொறச்சுக் குடுத்துட்டேன் போலருக்கு ஆயி. இன்னும் கொஞ்சம் கூட வச்சுக் குடுத்திருந்தா போயிருக்கும்" என்றார் அப்பா.

அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். உண்மையைச் சொல்லிக் கத்த வேண்டும் போலிருந்தது. தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன்.

சீட்டுக்கு மாதாமாதம் கட்ட வேண்டியிருந்தது. அவளும் கூடை எடுப்பதென்று முடிவானது. தோட்டத்தில் புதிதாக ஒருவருக்குப் பேர் பதிய, இன்று வா நாளை வா என்று இழுத்தடிப்பார்கள். அப்பா இந்தத் தடவை குறைக்கவில்லை. திரும்பி வந்த காசிலிருந்து எடுத்து, ஒரு கோழியையும் தூக்கிக்கொண்டு, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். ஆட்களைப் பிரித்து அனுப்புவதற்குள்ளேயே தங்கச்சிக்குப் பேர் விழுந்துவிட்டது.

"பாத்தியா, குடுக்கிறதக் குடுத்தா ஒடனே நடக்குது" என்று அப்பா என்னிடம் சொன்னார்.

தங்கச்சி என் பழைய கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு எனக்கு அடுத்த நிரையில் ஏறினாள்.