பிரேக் எண்ணெய் மாற்றிய சாயங்காலம்

நம்புங்கள் என்று யாரையும் கேட்கமாட்டேன். நானே பல நாள் நம்பவில்லை. ஆனால் என் விரல்களில் ஒட்டியிருந்த எண்ணெய் நிஜம். எதிர்வீட்டு நல்லசாமி அண்ணன் விடியும்வரை பார்த்த சிவப்பு வெளிச்சமும் நிஜம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மலேசியாவில், பகாவ் டவுனிலிருந்து உள்ளே போகும் செம்பனைத் தோட்டத்தின் தொழிலாளர் வீட்டு வரிசைகளில், கடைசி லயத்தின் கடைசி வீடு என்னுடையது. என் கணவர் எட்வர்ட் தோட்டத்து லோரி ஓட்டியவர். போன ஜூன் மாதம் ஒரு காலையில் வேலைக்குப் போனார். மத்தியானம் லோரியிலேயே உயிர் பிரிந்துவிட்டது என்று ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னார்கள். அதன்பிறகு நானும் அவருடைய பழைய சாகா காரும்தான். நான் தோட்ட ஆபீசில் வேலை செய்வதால் வீட்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

கோலாலம்பூரில் இருக்கும் மகள் ஃபெலிசியா ஒவ்வொரு போனிலும் ஒன்றையே சொல்வாள்.

"அங்க தனியா என்னம்மா பண்றீங்க? இங்க வந்துருங்களேன்."

"எனக்கென்ன கொறச்சல்? நல்லாத்தானே இருக்கேன்."

பொய். சாயங்காலம் ஆனால் வாசலுக்கு வந்து நிற்பேன். வளைவில் லோரி திரும்பும் சத்தம் கேட்கிறதா என்று காது தானாகத் தீட்டிக்கொள்ளும். அதைக் கேட்பதற்காகவே வீட்டைக் காலி செய்யாமல் இருக்கிறேன் என்று மகளிடம் எப்படிச் சொல்வது?

சீனப் பெருநாள் விடுமுறைக்கு அவள் வருவதாக இருந்தது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு பகாவ் பஸ் நிலையம். நானே காரில் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அதைக்கூடச் செய்யமுடியாவிட்டால் அவள் கட்சி ஜெயித்துவிடும். அப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமையே பிரேக் பஞ்சுபோல் ஆகிவிட்டது. மிதித்தால் தரைவரை போனது. டவுனில் வொர்க்‌ஷாப் எல்லாம் பெருநாளுக்குப் பூட்டிக் கிடந்தது.

எங்கள் தோட்டத்தில் லோரிக்காரர்களின் மனைவிகளுக்கு இந்த வேலை தெரியும். புருஷன் சக்கரத்தடியில் படுத்திருப்பான். மனைவி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பாள். "அமுக்கு" என்பான். அவள் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்வாள். அவன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிளை, காற்றை வெளியேற்றும் திருகை, திறப்பான். பழைய எண்ணெயும் காற்றும் குழாய் வழியாகப் பாட்டிலுக்கு வரும். நிப்பிளை முறுக்கிவிட்டு "விடு" என்பான். அப்போதுதான் காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். பாடுபட்டதெல்லாம் வீண். அதனால் என்ன ஆனாலும், விடு என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் எட்வர்ட் எனக்குச் சொன்ன முதல் பாடமே அதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் வேலையை ஆரம்பித்தேன். தனியாகச் செய்யவும் ஒரு வழி உண்டு. குழாயின் நுனியைப் பாட்டிலில் இருக்கும் எண்ணெயில் மூழ்க வைத்துவிட்டால் காற்று திரும்பிப் போகாது. நிப்பிளைத் திறந்துவிட்டு ஓடிப்போய் மிதிக்க வேண்டும். திரும்பி வந்து பார்க்க வேண்டும். இடது பின்சக்கரத்தை அப்படித்தான் முடித்தேன். எண்ணெய் பால் விடாத வறக்காப்பி நிறத்தில் வந்தது. பிறகு தெளிந்தது. புது எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினேன்.

இருட்டிக்கொண்டு வந்தது. பகாவ் பக்கம் பட்டாசு வெடிக்கும் சத்தம் மெதுவாகக் கேட்டது. ஊரெல்லாம் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட உட்காரும் நேரம்.

வலது பின்சக்கரம். ஜேக் ஏற்றி, கையை நுழைத்து, நிப்பிளைத் திறந்தேன். எழுந்திருக்க முழங்காலை ஊன்றினேன்.

குழாயில் எண்ணெய் நகர்ந்தது.

ஒரு குமிழி... இன்னொரு குமிழி...

பின்னால் தகரச் சுவர் சிவப்பாக இருந்தது. பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சட்டென்று நிப்பிளை முறுக்கினேன். எழுந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சீட்டில் யாருமில்லை. டிரைவர் பக்கக் கதவு நான் திறந்துபோட்டபடியே இருந்தது. சுவிட்ச் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே, ஏனோ, வாய் தானாக முணுமுணுத்தது.

"விடு."

விளக்கு அணைந்தது.

ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. இதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது... எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் என் சொல்லுக்குப் பதில் கொடுத்ததில்லை.

"நீங்களா?" என்று கேட்டேன்.

மறுபடி சக்கரத்தடியில் குனிந்தேன். "அமுக்கு" என்றேன். சீட்டின் ஸ்பிரிங் முனகியது. சுவர் சிவந்தது. நிப்பிளைத் திறந்தேன். எண்ணெய் பீறிட்டு வந்தது.

அந்தச் சக்கரத்தை அப்படியே முடித்தோம். முடித்தோம் என்றுதான் அப்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்து இடது முன்சக்கரம். வேலை செய்துகொண்டே பேசினேன். ஃபெலிசியா வருவதைச் சொன்னேன். அவர் சட்டைகளை இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அமுக்கு. விடு. அமுக்கு. விடு. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

ஏழரை மணிக்கு கடைசிச் சக்கரத்துக்கு வந்தேன். வலது முன்சக்கரம். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே.

"அமுக்கு."

எண்ணெய் தெளிவாக வந்தது. நிப்பிளை இறுக்கி முறுக்கினேன். 'விடு' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அது உறைத்தது.

எட்வர்ட் எப்போதும் அடியில்தான் படுத்திருப்பார். சீட்டில் உட்கார்ந்து மிதிப்பது... அவர் இல்லை.

எப்போதும் பெண்கள்தான்.

திறந்த கதவின் கீல் இடுக்கு என் முகத்துக்கு நேரே இருந்தது. டார்ச்சை அதில் காட்டினேன்.

ஒரு கால்.

வெறுங்கால். மெலிந்தது. பாதமெல்லாம் பித்தவெடிப்பு. விரலில் மெட்டி. பிரேக்கைத் தரையோடு அமுக்கிக்கொண்டு...

நடுங்கிக்கொண்டிருந்தது.

முழங்காலுக்கு மேலே ஒன்றுமில்லை.

டார்ச்சைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

கதவைச் சாத்தி ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். ஜன்னல் வழியாகக் கொட்டகை தெரிந்தது.

சுவர் சிவப்பாகவே இருந்தது.

பத்து மணிக்கும்.

இரண்டு மணிக்கும்.

காலையில் நல்லசாமி அண்ணன் குரல் கேட்டுத்தான் கதவைத் திறந்தேன். அவர் அந்தத் தோட்டத்தில் மண்டோராக, வேலையாட்களை மேய்க்கும் கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்னா கொரெட்டி, ராத்திரி பூரா பின்லைட்டு எரியுது? பேட்டரி சூப்பு வச்சுக் குடிக்கவா?" என்றவர் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"இந்த வீட்டுல எங்களுக்கு முன்னாடி யாருண்ணே இருந்தாங்க?"

அவர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார்.

"முருகையா. அவனும் லோரிதான் ஓட்டுனான். ஏன், யாரும் சொல்லலியா? அந்தக் கொட்டாயிலதான் போனான். லோரிக்கு அடியில படுத்து பிரேக்கு எண்ணெ மாத்திக்கிட்டு இருந்திருக்கான். நெஞ்சு வலி. சத்தமே இல்ல, அப்படியே முடிஞ்சிருச்சு. பொண்டாட்டி தாயம்மா டிரைவர் சீட்டுல உக்காந்து மிதிச்சுக்கிட்டே இருந்திருக்கு. சாயந்தரம் நாங்க வந்து பாக்கறப்பவும் மிதிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு. ஆளு செத்துட்டான்னு சொல்றோம், கால எடுக்க மாட்டேங்குது. அவரு இன்னும் சொல்லலியேங்குது. நாலு பேரு சேந்து தூக்குனோம் லா."

"அவங்க?"

"அன்னையோட பேச்சு நின்னு போச்சு. மக லோகேஸ்வரி சுங்கை காடுட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு. இரு, பேட்டரி எறங்கியிருக்கும், கேபிள் கொண்டாறேன். பஸ்ஸு வந்துரும்ல."

அவர் போனார். நான் கொட்டகை வாசலில் நின்றேன். விளக்கு மங்கி, அணையப்போகும் தணல்போல் இருந்தது. ஆனால் எரிந்தது. கீல் இடுக்கைப் பார்க்கத் துணிவில்லை.

"விடுங்கக்கா," என்றேன். "போதும்."

அணையவில்லை.

இன்னொரு தடவை சொன்னேன். அணையவில்லை.

பிறகு எட்வர்ட் சொல்வதுபோல், அடியிலிருந்து ஒரு ஆண் சொல்வதுபோல், குரலைத் தடிப்பாக்கிச் சொன்னேன்.

"விடு."

சீட்டு முனகியது. சுவர் வெறும் தகரமானது.

மணி ஏழு பத்து.

கேபிள் போட்டுக் காரைக் கிளப்பினோம். பிரேக் கல்லுப்போல் நின்றது. எட்டு மணிக்கு நான் பஸ் நிலையத்தில் இருந்தேன். "பரவால்லியே, நீங்களே வந்துட்டீங்க," என்றாள் ஃபெலிசியா. வீட்டைப் பற்றிய பேச்சை அவள் எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

மத்தியானம் நல்லசாமி அண்ணனுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு நேரே என்னிடம் வந்து சொன்னார். தாயம்மா அன்று காலை இறந்துபோயிருந்தாள்.

அதுவரை அவள் உயிரோடுதான் இருந்திருக்கிறாள்.

மூன்று பேரும் சுங்கை காடுட்டுக்குப் போனோம். நான் யாரென்று லோகேஸ்வரிக்குத் தெரியாது. அவர்கள் முன்பு குடியிருந்த வீட்டில் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவளாகவே சொன்னாள்.

"படுத்த படுக்கைதாங்கக்கா, ரொம்ப வருசமா. நேத்து சாயந்தரம் இருட்டற நேரத்துல வலது கால நீட்டிக்கிட்டாங்க. பலகை மாதிரி. மடக்கவே முடியல. ராத்திரி பூரா கண்ண மூடல, காலு வெடவெடன்னு நடுங்குது. காலையில ஏழு மணிக்கு மேல இருக்கும். யாரோ கூப்புட்ட மாதிரி திரும்பி, 'சரிங்க'ன்னாங்க. பேச்சே இல்லாத வாயிங்கக்கா அது. உடனே காலு மடங்கிருச்சு. மூச்சும் நின்னுருச்சு."

திரும்பி வரும்போது ஃபெலிசியாதான் கார் ஓட்டினாள். தோட்டத்து வளைவில் திரும்பும்போது என் காது வழக்கம்போல் லோரிச் சத்தத்தைத் தேடியது; தாயம்மாவின் கால் ஞாபகம் வந்தது. அவள் எதையோ கேட்க என் பக்கம் திரும்பினாள். அதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"நாளைக்கே உன்கூட வந்துர்றேன்."