ஏழாம் மாதமா, ஏழாம் தேதியா

என் அம்மா வெர்னா பிலார்ஸ்கிக்குப் பந்து எறியத் தெரியாது. மட்டையைக் கையில் பிடித்ததும் கிடையாது. ஆனாலும் எங்கள் ஊர் பேஸ்பால் அணியான ஃபெரிமென்னில் யார் இருக்கிறார், யார் போகிறார் என்பதை இருபத்தாறு வருடமாக அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்வார்கள்.

அவள் முதலில் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்தாள். ஒரு நவம்பரில், அணியின் பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்யும் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. பட்டியல் அன்று மாலைக்குள் போக வேண்டும். தட்டச்சு யாருக்குத் தெரியும் என்று கேட்டுக்கொண்டு மேலாளர் மாடிப்படி இறங்கி வந்திருக்கிறார். அம்மா கையைத் தூக்கினாள். பிறகு கீழே இறங்கவே இல்லை.

அக்டோபரில் ஆட்டம் முடிந்து, புல்லின் மேல் தார்ப்பாய் விரித்த பிறகுதான் அவளுக்கு வேலை ஆரம்பிக்கும். ஓர் அணி நாற்பது பெயரைத்தான் தன்னுடையது என்று காப்பாற்றி வைத்துக்கொள்ளலாம். கீழ்மட்ட அணிகளில் வளர்ந்துகொண்டிருக்கும் இளைஞர்களுக்குச் சில வருடம் அவகாசம் உண்டு. பதினெட்டு வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தம் போட்டவனுக்கு ஐந்து வருடம், பத்தொன்பது ஆகிவிட்டவனுக்கு நான்கு. ஒப்பந்தம் போட்ட வருடமும் அந்தக் கணக்கில் சேரும். ஒப்பந்தம் போட்ட வருடத்து ஜூன் ஐந்தாம் தேதி அவனுக்கு என்ன வயது என்று பார்ப்பார்கள். அவகாசம் முடிந்தால் அவன் பெயரை நாற்பதுக்குள் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் டிசம்பரில் வேறு எந்த அணியும் அவனைத் தூக்கிக்கொண்டு போகலாம். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணிதான் கெடு.

யாருடைய அவகாசம் எப்போது முடிகிறது என்பதை அம்மா பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கணினியோடு வந்த புதுப் பையன்கள்கூடக் கடைசியில் அந்த நோட்டைத்தான் கேட்பார்கள். அதே நோட்டைப் பார்த்து, கீழ்மட்டத்தில் ஆடும் ஒவ்வொருவருக்கும் பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்புவாள். அது அவளுடைய வேலையில் சேராது. யாரும் அனுப்பச் சொன்னதும் இல்லை.

போன வருடம் அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை அம்மா சொல்லக் கேட்டும், அந்த அறையில் இருந்த மேலாளரின் உதவியாளன் நீல் சொல்லக் கேட்டும் எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்குக் கெண்ட்ரா ராட்கே போன் செய்தாள். அவள் கணவன் டாம் எங்கள் அணியின் மூன்றாவது கேட்சர், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிப்பவன். முப்பத்து மூன்று வயது, இரண்டு முட்டியிலும் கத்தி வைத்தாயிற்று. ஏழு வருடத்தில் ஐந்து ஊர் மாறியவர்கள்.

"வெர்னா, கேக்கக் கூடாதுன்னு தெரியும். பையனை இங்க பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். போன வாட்டி மாதிரி சேத்துட்டு மறுவாரமே மூட்டை கட்டணும்னா அவன் தாங்க மாட்டான். இப்பவே புது ஆளுங்ககிட்டப் பேச மாட்டேங்குறான்."

சொல்லக் கூடாது என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் முதல் நாள் மாலையே பலகை முடிந்திருந்தது. மேலாளர் அறையில் ஒரு சுவர் முழுக்க இரும்புப் பலகை. ஒவ்வொரு பெயரும் ஒரு காந்தப் பட்டையில் இருக்கும். நாற்பது பட்டையும் ஒட்டியாயிற்று. கேட்சர் வரிசையில் மூன்றாவதாக ராட்கே.

"பேரு பலகையில இருக்கு கண்ணு," என்றாள் அம்மா. "நிம்மதியாப் போய்ச் சேரு."

கெண்ட்ரா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டதாம்.

மதியம் மூன்று மணி சுமாருக்கு டொமினிக்கன் நாட்டிலிருந்து வில்கின் கூப்பிட்டார். அங்கே எங்கள் அணி நடத்தும் பயிற்சிக்கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. அம்மாவை அந்த ஊர் மரியாதைப்படி 'டோன்யா' என்பார்.

"டோன்யா வெர்னா, உங்க ஊர்ல வயசு கணக்குப் போடத் தெரியாதவங்க நிறைய இருக்காங்க போல."

"உன்னை வேலைக்கு எடுத்தவங்களைச் சொல்றியா?"

"என்னை விடுங்க. நேத்து ராத்திரி இங்க குளிர்கால ஆட்டத்துல நம்ம எலியேசர் எறியறதைப் பாக்க ரெண்டு அணி ஆளுங்க வந்து உக்காந்திருந்தாங்க. ஒவ்வொரு பந்தையும் எழுதுறாங்க. அவன் அடுத்த வருஷந்தான சந்தைக்கு வர்றான்? இப்பவே வந்து வாயைப் பொளந்துட்டு உக்காந்து என்ன பிரயோசனம்?"

எலியேசர் தவேராஸ் இடது கையால் எறிபவன். இருபத்திரண்டு வயது. அவனைப் போல ஒருவன் எங்கள் அணியில் பன்னிரண்டு வருடமாக வந்ததில்லை.

"அடுத்த வருஷந்தான்," என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. இரண்டு அணிக்காரர்கள் ஒரே நாளில் ஒரே தப்பைச் செய்வார்களா?

அப்போதுதான் அவளுக்கு ஒரு கடிதம் நினைவுக்கு வந்தது. ஆகஸ்டில் எலியேசர் தன் கைப்பட எழுதியிருந்தான். 'அட்டைக்கு நன்றி. இரண்டு மாதம் தாமதம். பரவாயில்லை, எங்கள் தபால் எப்பவும் இப்படித்தான்.' எங்கள் தபால் என்று அவன் பழியைத் தன் ஊர் மேல் போட்டதைப் படித்து அம்மா சிரித்து, வீட்டில் குளிர்பெட்டிமேல் ஒட்டி வைத்திருந்தாள். ஜூலை ஐந்தாம் தேதிக்கான அட்டை ஜூலை நான்காம் தேதியே அவனுக்குக் கிடைத்துவிட்டது என்று வில்கின் சொன்னதும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து அவள் யோசிக்கவே இல்லை.

இழுப்பறையைத் திறந்து அவனுடைய கோப்பை எடுத்தாள். பிறப்புச் சான்றிதழில் 07/05 என்று இருந்தது. நாங்கள் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள். ஏழாம் மாதம் ஐந்தாம் தேதி, ஜூலை ஐந்து. அவர்கள் தேதியை முதலில் எழுதுகிறவர்கள். பின்னால் ஞானஸ்நானச் சீட்டு பின் குத்தி இருந்தது. அதில் பிறந்த தேதியை எழுத்தால் எழுதியிருந்தார்கள்: மே மாதம் ஏழாம் நாள்.

ஜூலை என்றால் ஒப்பந்த வருடத்து ஜூன் ஐந்தில் அவனுக்குப் பதினெட்டு. மே என்றால் பத்தொன்பது. அவகாசம் நான்கு வருடந்தான். அது இன்றைக்கு ஆறு மணிக்கு முடிகிறது.

எல்லா அணிக்கும் பொதுவான லீக் அலுவலகமும், அவகாசம் முடிகிறவர்களின் பட்டியலை வருடா வருடம் அனுப்பும். ஆயிரத்துக்கு மேல் பெயர் இருக்கும். தன் நோட்டில் உள்ள பெயரெல்லாம் அதில் இருக்கிறதா என்று அம்மா பார்ப்பாள். அதில் இருந்து, நோட்டில் இல்லாத பெயர் உண்டா என்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். பதினேழாம் பக்கத்தில் தவேராஸ் இருந்தான்.

கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு உட்கார்ந்தாளாம். பதினைந்து நிமிடம். பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று நினைத்ததை அவளே என்னிடம் சொன்னாள். டிசம்பரில் அவனை யாராவது தூக்கிப் போகும்போது எல்லோரோடும் சேர்ந்து தானும் அதிர்ச்சி அடைந்ததுபோல நிற்கலாம் என்று நினைத்தாளாம். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

மேலாளர் கர்டிஸ் லிண்ட்குவிஸ்ட்டும் நீலும் பீட்சா தின்றுகொண்டிருந்தார்கள். வேலை முடிந்துவிட்டது என்று இருவரும் காலணியைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

"வாங்க வெர்னா. காளான் போட்டது இருக்கு, நீல் தொட மாட்டான்," என்றார் கர்டிஸ்.

"எலியேசரை இன்னிக்கே சேக்கணும். அவன் பொறந்த தேதியை நான் தப்பா எழுதிட்டேன்."

நீல் சிரித்தான். "வெர்னா, ஏப்ரல் ஒண்ணுக்கு இன்னும் நாள் இருக்கு. உங்க நோட்டு தப்புன்னா நான் எதைத்தான் நம்பறது?"

அம்மா இரண்டு காகிதத்தையும் மேசைமேல் வைத்தாள். கர்டிஸ் படித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள் அம்மா. அவர் கையைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பத்தைந்து.

"நாப்பதும் நிறைஞ்சிருக்கு," என்றார். "ஒருத்தனை இறக்கணும். இல்லாட்டி ஒருத்தனைக் குடுத்துட்டு, பட்டியல்ல எடம் கேக்காத சின்னப் பையனா வாங்கிக்கணும்."

"கெடு நாள்ல வந்து கேட்டா யாரும் வாங்க மாட்டாங்க," என்றான் நீல். "எல்லாருக்கும் நிறைஞ்சு கெடக்கு."

"போனை எடு."

கர்டிஸ் ஏழு அணிக்காரர்களுக்குப் போன் போட்டார். ஓடம் என்று எங்களிடம் ஒரு பந்தெறிபவன் இருந்தான். அவனைத் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். ஒருவர், இன்றைக்குப் போய் வருகிறாயே, உன் வீட்டில் காலண்டர் இல்லையா என்று சிரித்தார். இன்னொருவர் எடுக்கவே இல்லை. ஐந்தே காலுக்கு மேற்குக் கரையிலிருந்து ஒருவர் மட்டும், எங்கள் ஆளிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார்.

மூவரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீட்சா ஆறிப்போய் அட்டையோடு ஒட்டிக்கொண்டது. அம்மா உட்காரவில்லை. ஐந்தரை ஆயிற்று. ஐந்து நாற்பது ஆயிற்று.

"அங்க இப்ப மணி ரெண்டே முக்கால்தான்," என்றான் நீல். "அவங்க அவசரம் இல்லாம..."

"கெடு எல்லாருக்கும் ஒரே கெடுதான்," என்றார் கர்டிஸ்.

ஐந்து நாற்பத்தெட்டுக்குப் போன் அடித்தது. கர்டிஸ் இரண்டு தடவை 'புரியுது' என்று சொல்லிவிட்டு வைத்தார். எழுந்து பலகைக்குப் போய் ராட்கேயின் பட்டையின் மேல் விரலை வைத்தார்.

"அவன் வேணாம்," என்றாள் அம்மா.

"மூணாவது கேட்சர், வெர்னா. மார்ச்ல தேடினாக்கூடக் கெடைப்பான்."

"காலையில அவன் பொண்டாட்டிகிட்ட நான் சொல்லிட்டேன். அவங்க பையனைப் பள்ளிக்கூடத்துல சேத்திருப்பாங்க."

கர்டிஸ் திரும்பினார். "ஏன் சொன்னீங்க?"

"பலகையில இருந்துச்சு."

"ஆறு மணிக்கு இருக்கறதுதான் பலகை. அது எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

"ஓடமை இறக்குங்களேன். இப்பத்தான அவனைக் குடுக்கப் பாத்தீங்க?"

"குடுத்தா பதிலுக்கு ஒருத்தன் வருவான். சும்மா இறக்கினா நாளைக்கே எவனாச்சும் அள்ளிட்டுப் போயிடுவான். ராட்கேயை யாரும் எடுக்க மாட்டாங்க."

ஆறுதலாகத்தான் அவர் அதைச் சொன்னார்.

"அப்போ என்னை அனுப்பிடுங்க," என்றாள். "தப்பு என்னோடது."

"உங்க பேரு பலகையில இல்லையே வெர்னா. உங்களை எறக்கினா எனக்கு ஒரு எடமும் கெடைக்காது." அவர் பட்டையை உரித்து மேசைமேல் வைத்தார். "தட்டச்சு பண்ணுங்க. பத்து நிமிஷந்தான் இருக்கு."

இருபத்தாறு வருடமாகத் தட்டிய கை. தவேராஸ் என்பதில் இரண்டு தடவை எழுத்து மாறியது. மூன்றாம் தடவை நீல் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். ஐந்து ஐம்பத்தேழுக்குப் பட்டியல் போயிற்று. ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தபோது யாரும் கை தட்டவில்லை. எலியேசருக்குத் தெரியவும் தெரியாது. அவன் அந்த நேரம் எங்கேயோ பேருந்தில் தூங்கிக்கொண்டிருந்தான்.

ராட்கேயிடம் மேலாளர்தான் பேச வேண்டும். அம்மா தானே பேசுவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

டாம்தான் எடுத்தான். பின்னால் தட்டு வைக்கும் சத்தமும் பையன் ஏதோ பாடுவதும் கேட்டன.

"வெர்னா? கெண்ட்ரா உங்களுக்கு ஏதோ பொரிச்சு எடுத்துட்டு வரணும்னு சொல்லிட்டிருக்கா. உங்களுக்குக் கோழி புடிக்குமா?"

அம்மா சொன்னாள். எதையும் சுற்றி வளைக்கவில்லை. தேதியை, நோட்டை, எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கேட்டான். "யாரு உள்ள வந்தது? எலியேசரா?"

"ஆமா."

"வரணும். மார்ச்ல அவன் பந்தை நான் புடிச்சிருக்கேன். ஒரு வாரம் கட்டைவிரல் வீங்கிக் கெடந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கர்டிஸ் சொல்லியிருந்தா கெண்ட்ரா நம்பியிருக்க மாட்டா. ஏழு வருஷமா எந்த மேலாளர் சொன்னதையும் அவ நம்பினதில்ல. நீங்க சொன்னீங்க. அதனாலதான் போய்ச் சேத்தா."

"எனக்குத் தெரியும் டாம்."

"இப்ப நான் போய் அவகிட்டச் சொல்லணும்." அவன் போனை வைக்கவில்லை. "பையன் இன்னிக்கு அங்க ஒருத்தன்கிட்டப் பேசினானாம். பேரு எல்லாம் கேட்டுட்டு வந்திருக்கான்."

அதற்குப் பிறகுதான் வைத்தான்.

கர்டிஸ் சொன்னது பலித்தது. ராட்கேயை யாரும் எடுக்கவில்லை. எங்கள் அணி கீழ்மட்டத்தில் ஓர் இடம் தருகிறோம் என்றது. அவன் வேண்டாம் என்றுவிட்டான். இரண்டு வாரம் கழித்து, அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு முன்னால் வாடகைப் பலகை தொங்கியதை வேலைக்குப் போகும் வழியில் அம்மா பார்த்தாள். அன்றிலிருந்து அவள் வேறு தெருவழியாகப் போகிறாள்.

அம்மா வேலையில்தான் இருக்கிறாள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். பச்சை நோட்டில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பெயரையும், மாதத்தை எழுத்தால் எழுதிப் புதிதாகப் போட்டாள். ஒவ்வொரு சான்றிதழையும் எடுத்துப் பார்த்தாள். வேறு ஒரு தப்பும் இல்லை. இன்னொன்று இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ.

டாம் ராட்கேயின் பிறந்தநாள் டிசம்பர் பதினொன்று. அவனுக்கும் அட்டை எழுதினாள். அணியை விட்டுப் போனவர்களுக்கு அவள் அனுப்புவதில்லை. இவனுக்கு அனுப்பினாள், பழைய முகவரிக்கே, தபால்காரர் புது இடத்துக்குத் திருப்பி அனுப்புவார் என்று.

ஜனவரியில் அது திரும்பி வந்தது. புது முகவரி ஒட்டி, அங்கே போய்ச் சேர்ந்து, பிரிக்காமலே வந்திருந்தது. உறையின் மேல் 'அனுப்பியவருக்கே' என்று பேனாவால் எழுதியிருந்தது. பள்ளிக்கூடப் படிவம் நிரப்புகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, தெளிவாக இருந்தது. அம்மா அதைக் குளிர்பெட்டிமேல், எலியேசரின் கடிதத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். எடுத்துவிடு என்று நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கட்டும்," என்கிறாள்.