மூன்று பேர் மிஞ்சிய மேசை

இலவசப் போக்கர் போட்டி தொடங்கியதும் முதல் அரை மணித்தியாலம் நான் அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. கைபேசியில் வருகிற சீட்டுக் கடதாசியைப் பார்ப்பேன், எறிந்துவிடுவேன். நுழைவதற்கு ஒரு சதமும் கொடுக்காத ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்திருப்பார்கள். போனால் போகட்டும் என்று, கையில் எதுவுமே இல்லாமல், இருக்கிற பந்தயக் காய்கள் முழுவதையும் நடுவில் தள்ளுவார்கள். இரண்டு ஆசோ இரண்டு ராசாவோ வந்தால் மட்டும் அவர்களோடு மோதுவேன். கூட்டம் கரைந்த பிறகு நிலைமை தலைகீழாகும். மிஞ்சியவர்கள் பரிசு கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் பயந்து ஒடுங்குவார்கள். அப்போது துணிந்து பந்தயத்தைக் கூட்டினால், சுமாரான கடதாசிக்கும் வழி விடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாரிகாலம் முழுவதும் பிடித்தது.

என் கணவர் இதற்கு நேரெதிர். துறைமுகத்தில் இழுவைப்படகு ஒன்றில் இயந்திரம் பார்க்கிறவர். வேலையில் அவ்வளவு நிதானம். விளையாட்டில் பொறுமையே கிடையாது. ஆனால் நேர்மையான ஆள். "ஒரே போட்டியில ரெண்டு பேர் கதைச்சு விளையாடினால் அது களவு" என்று அவர்தான் சட்டம் போட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் விறாந்தையிலும் நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்திலுமாக இருந்து தனித்தனியே விளையாடுவோம். பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் அவர் வெளியேறி, ஊருக்குள்ளேயே திரிந்து வாசலில் வந்து நிற்கும் மான்களுக்கு மரக்கறித் தோல் போடப் போய்விடுவார்.

அன்று அவர் எழுந்து போகவில்லை. கடைசி மேசைக்கு ஒன்பது பேர் வந்தபோது, அதில் அவருடைய படத்தையும் கண்டேன்.

"இஞ்சேருங்கோ, நீங்களும் நிக்கிறீங்களோ?"

"ஓம். கதைக்காதேயும்!"

முதல் இரண்டு பேருக்கும் ஒரு பெரிய போட்டியில் இடம் கிடைக்கும். மூன்றாவது ஆளுக்கு எதுவுமில்லை. ஒவ்வொருவராக விழுந்து, கடைசியில் நாங்கள் இருவரும், எந்த நாட்டவர் என்று தெரியாத ஒருவரும் மிஞ்சினோம். அந்த ஆளிடம் காய்கள் மலைபோல இருந்தன. என்னிடம் நடுத்தரம். இவரிடம்தான் குறைவு.

எனக்கு இரண்டு ஒன்பது வந்தது. என் முறை வருவதற்கு முன்பே இவர் எல்லாக் காய்களையும் தள்ளிவிட்டார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த அந்நியன் கடதாசியை எறிந்துவிட்டான். திரையில் எனக்கான நேரம் ஓடத் தொடங்கியது.

எறிந்திருக்கலாம். எறிந்திருந்தால் இவர் தப்பியிருப்பார், யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கவும் முடியாது. ஆனால் நல்ல கடதாசி வந்தால் இவர் தயங்குவார்; ஒன்றுமில்லாதபோதுதான் இவ்வளவு வேகம். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு விட்டுக்கொடுத்தால் அதுவும் களவுதான் என்று பட்டது. அவருடைய பந்தயத்தை ஏற்கிற பொத்தானை அழுத்தினேன்.

இவரிடம் ஒரு ராசாவும் ஒரு நாலும். மேசைக்குப் பொதுவான ஐந்து கடதாசிகள் ஒவ்வொன்றாக விரிந்தன. ராசாவும் வரவில்லை, நாலும் வரவில்லை. என் ஒன்பதுகள் வென்றன, இவர் மூன்றாவதாக வெளியேறினார்.

விறாந்தையில் கதிரை நகரும் சத்தம் கேட்டது. குசினி வாசலில் வந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"என்னட்ட ஒண்டுமில்லை எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"மறைக்க ஏதும் இருந்தால் நீங்கள் யோசிக்காமல் உடன செய்வீங்கள்." சொல்லும்போதே வேறொன்று மனதில் தட்டியது. "வேலையில என்ன பிரச்சினை எண்டு வியாழக்கிழமை கேட்டனான். அதுக்கும் இப்பிடித்தான் உடன 'ஒண்டுமில்லை' எண்டு சொன்னனீங்கள்."

கைபேசி என் முறை என்று திரும்பத் திரும்ப மணியடித்தது. நான் அதைக் கவிழ்த்து வைத்தேன்.

"கொழும்புக்கு மாத்திப்போட்டாங்கள்" என்றார் கடைசியில். "அடுத்த மாசம் போகவேணும். உமக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை."

"எத்தினை நாளா தெரியும்?"

"கொஞ்ச நாளா."

அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இங்கே மருந்துக்கடையில் எனக்கு வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடம். எல்லாவற்றையும் அவர் தனியாக யோசித்து, தனியாக மனதுக்குள் வைத்திருந்தார். அன்று பொழுதுபடும்வரை சண்டை பிடித்தோம். இடையில் கைபேசி என் கடதாசிகளைத் தானாகவே எறிந்து எறிந்து, என்னை இரண்டாவதாக முடித்திருந்தது.

மகளின் பள்ளிக்கூடச் சோதனை முடியும்வரை நானும் அவளும் இங்கேயே இருப்பது, பிறகு மூவரும் ஒன்றாக யோசிப்பது என்று முடிவாயிற்று. அவர் பஸ் ஏறிப்போன வாரத்தில்தான் அந்தப் பெரிய போட்டி வந்தது. பரிசுக்குக் கிட்டவும் போகாமல் தோற்றேன். தொலைபேசியில் சொன்னபோது, "எந்தக் கடதாசியில போனனீர்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன்" என்றார்.